முன்னால் ஒரு கேலக்ஸி, பின்னால் ஒரு சப்மில்லிமீட்டர் புள்ளி: இரண்டுக்கும் உறவு உண்டா என்று சோதிப்பது எப்படி

ஹெர்ஷெல் விண்தொலைநோக்கியின் வரைபடத்தில் பிரகாசமாக ஒரு புள்ளி இருக்கும். அதே இடத்தின் ஒளியியல் படத்தைத் திறந்தால் மூன்று நான்கு ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) தள்ளி ஒரு கேலக்ஸி தெரியும். "அண்ணா, அது இதுதானுங்களே?" என்று உடனே கேட்பார்கள். கோவை, ஈரோடு, கோபி பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் புராஜெக்டுக்கு வானியல் எடுக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. லேப்டாப்பும் ஓரளவு பைதானும் இருந்தால் போதும், சொந்தமாகத் தொலைநோக்கி எதுவும் வேண்டாம்.

தாராபுரம், உடுமலை வழியாக ராத்திரி பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல் நிற்கும், ஆனால் ஒன்று ரோட்டோரம் இருக்கும், மற்றது பல கிலோமீட்டர் தாண்டி இருக்கும். வானத்திலும் இதே நிலைமைதான், கூடவே ஒரு சிக்கல் உண்டு: முன்னால் நிற்கும் கேலக்ஸியின் ஈர்ப்பு, பின்னால் இருப்பதன் ஒளியை வளைத்துப் பெரிதாக்கிக் காட்டும். அதனால் "எதேச்சையாக இவ்வளவு நெருக்கம் வராது" என்று கணக்குப் போட்டு நிரூபித்தாலும், இரண்டும் ஒரே பொருள் என்று ஆகிவிடாது. உறவு இருக்கிறது என்பது வேறு, இரண்டும் ஒன்று என்பது வேறு. இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது முழுக்க இது ஒன்றைத்தான்.

முதலில் ஏன் இப்படி நடக்கிறது

சப்மில்லிமீட்டர் என்பது சுமார் 200 மைக்ரானில் இருந்து 1000 மைக்ரான் வரையான அலைநீளம். கேலக்ஸிக்குள் புதிதாகப் பிறக்கும் விண்மீன்களின் ஒளியைத் தூசு உறிஞ்சிச் சூடாகி இந்த அலைநீளங்களில் திருப்பி உமிழ்கிறது. காற்றில் இருக்கும் நீராவி இதைத் தின்றுவிடும். ஊட்டி முத்தோரையில் 1970 முதல் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி சுமார் 327 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வதால் மேகத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை, ஆனால் அதே மலையில் சப்மில்லிமீட்டர் டிஷ் வைத்துப் புண்ணியம் இல்லை. அதற்கு ஹவாயின் மௌனா கியா மாதிரி 4,000 மீட்டருக்கு மேலான வறண்ட மலையோ, ஆல்மா என்ற டிஷ் கூட்டம் நிற்கும் சிலியின் 5,000 மீட்டர் பீடபூமியோ வேண்டும். இல்லையென்றால் விண்வெளிக்கே போக வேண்டும், ஹெர்ஷெல் போனது போல. 3.5 மீட்டர் கண்ணாடியுடன் 2009 மே மாதம் ஏவப்பட்ட ஹெர்ஷெல், குளிரூட்டும் ஹீலியம் தீர்ந்து 2013 ஏப்ரலில் கண்ணை மூடியது. நாம் பயன்படுத்தப்போவது அது விட்டுச்சென்ற தரவைத்தான்.

இந்த அலைநீளத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. தூரம் கூடினால் எதுவும் மங்கித்தான் ஆக வேண்டும், ஆனால் செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு, எண் கூடக் கூடத் தூரமும் அதிகம்) கூடும்போது தூசு ஒளியின் உச்சம் நாம் பார்க்கும் அலைநீளத்தை நோக்கி நகர்ந்து வருகிறது, தூரத்தால் வந்த நஷ்டத்தை அது கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடுகிறது. 850 மைக்ரானில் செம்பெயர்ச்சி 1-இல் இருக்கும் ஒரு கேலக்ஸியைத் தூக்கி 7, 8 வரை கொண்டுபோனாலும் ஏறத்தாழ அதே பிரகாசம்தான் கிடைக்கும். ஆகவே சப்மில்லிமீட்டர் பட்டியலில் இருக்கும் புள்ளிகளில் பெரும்பகுதி செம்பெயர்ச்சி 2, 3 பக்கம் இருப்பவை. ஒளியியல் சர்வேயில் பளிச்சென்று தெரியும் கேலக்ஸிகளோ பெரும்பாலும் 1-க்குக் கீழே. ஒரே இடத்தில் தெரிந்தாலும் நடுவில் நூற்றுக்கணக்கான கோடி ஒளியாண்டு இடைவெளி இருக்கலாம்.

இனி ஈர்ப்பு ஒளியை வளைத்துப் பெரிதாக்கும் லென்ஸ் விவகாரம், இதை நிதானமாகப் படியுங்கள். முன்னால் இருக்கும் நிறை, பின்னால் இருக்கும் வானத்தை விரித்துக் காட்டுகிறது. விரிவதால் ஒரு சதுர டிகிரிக்குள் விழும் பொருட்களின் எண்ணிக்கை குறையும். அதே சமயம் ஒவ்வொன்றும் பிரகாசமாவதால், பட்டியலின் வரம்புக்குக் கீழே மறைந்து கிடந்தவை மேலே ஏறி வரும். இந்த இரண்டில் எது ஜெயிக்கும் என்பது, மங்கலான பொருட்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்ற சரிவைப் பொறுத்தது. பிரகாச வரம்பைப் பாதியாக்கினால் எண்ணிக்கை இரண்டு மடங்கு ஆகிறது என்றால் சரிவு 1. அங்கே ஏற்றமும் இறக்கமும் சமமாகி ஒன்றும் தெரியாது. பாதியாக்கினால் எட்டு மடங்கு என்றால் சரிவு 3. பிரகாசமான சப்மில்லிமீட்டர் புள்ளிகளுக்குச் சரிவு இந்த அளவுக்குச் செங்குத்தானது. கணக்கைப் பாருங்கள்: லென்ஸ் வெறும் 10 சதவீதம் பெரிதாக்கினாலும், பிரகாசத்தால் வரும் பெருக்கம் 1.1-இன் மூன்றாம் அடுக்கு, அதாவது 1.33. வானம் விரிவதால் 1.1-ஆல் வகுத்தால் 1.21. ஆக, கண்ணுக்கே தெரியாத 10 சதவீத உருப்பெருக்கம் எண்ணிக்கையை 21 சதவீதம் கூட்டிவிடுகிறது. முன்னணி கேலக்ஸிகளைச் சுற்றி தூரத்துச் சப்மில்லிமீட்டர் புள்ளிகள் மொய்ப்பதுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான். தொலைவில் உள்ள குவேசார்களை (மையத்துக் கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸிகள்) ஒளியியலில் வைத்தும் இதைச் செய்கிறார்கள், ஆனால் அங்கே முன்னணி கேலக்ஸியின் தூசு பின்னணி ஒளியை மங்கலாக்கிக் கணக்கைக் கெடுக்கும். சப்மில்லிமீட்டர் ஒளிக்கு அந்தத் தூசு ஒரு பொருட்டே இல்லை.

ஏற்கெனவே நடந்தவை, தெரிந்துகொள்ள வேண்டியவை

1998-இல் ஸ்கியூபா என்ற கருவியைக் கொண்டு ஹப்பிள் டீப் ஃபீல்டை (ஹப்பிள் தொலைநோக்கி நெடுநேரம் உற்றுப் பார்த்த ஒரு சிறு வானப்பகுதி) 850 மைக்ரானில் பார்த்தபோது அங்கே கிடைத்தவற்றில் மிகப் பிரகாசமான புள்ளிக்கு எச்டிஎஃப் 850.1 என்று பெயர் வைத்தார்கள். ஒளியியலில் அன்றைக்கு மிக ஆழமாகப் பார்க்கப்பட்ட இடங்களில் ஒன்று அது, ஆனாலும் அந்தப் புள்ளி எந்தக் கேலக்ஸிக்குச் சொந்தம் என்று சொல்ல முடியவில்லை. 2004-இல் வந்த ஆய்வு, செம்பெயர்ச்சி 1 பக்கத்தில் உள்ள ஒரு நீள்வட்டக் கேலக்ஸிக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கிறது, அந்தக் கேலக்ஸியே அதை ஓரளவு பெரிதாக்கியும் காட்டுகிறது என்றது. கடைசியில் 2012-இல்தான் அதன் செம்பெயர்ச்சி 5.183 என்று உறுதியானது. பக்கத்தில் இருக்கிறதே என்று அந்த நீள்வட்டக் கேலக்ஸியின் தூரத்தை அதற்குக் கொடுத்திருந்தால் எவ்வளவு பெரிய பிழை ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

2005-இல் அல்மைனியும் உடன் ஆய்வாளர்களும் ஒற்றைப் பொருளை விட்டுவிட்டு, பிரகாசமான ஸ்கியூபா புள்ளிகளை மொத்தமாக எடுத்து, செம்பெயர்ச்சி குறைந்த கேலக்ஸிகளோடு எதேச்சைக்கு மேல் நெருக்கம் இருப்பதைக் காட்டினார்கள். லென்ஸ் ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். 2010-இல் நெக்ரெல்லோ குழு ஹெர்ஷெல்-அட்லஸ் சர்வேயின் முதல் 14 சதுர டிகிரியில் 500 மைக்ரானில் 100 மில்லிஜான்ஸ்கிக்கு (பிரகாசத்தின் அலகு) மேல் இருந்த 11 புள்ளிகளை எடுத்தது. நான்கு பக்கத்துச் சுருள் கேலக்ஸிகள், ஒன்று ஏற்கெனவே தெரிந்த ரேடியோ குவேசார், ஒன்று நம் பால்வீதியிலேயே இருக்கும் விண்மீன் பிறப்பிடம், மீதி ஐந்தும் லென்ஸ். அந்த ஐந்தில் ஒன்றுதான் எஸ்டிபி.81: முன்னால் 0.3 செம்பெயர்ச்சியில் ஒரு நீள்வட்டக் கேலக்ஸி, பின்னால் 3.04-இல் தூசு நிறைந்த கேலக்ஸி. ஒளியியலில் முன்னால் உள்ளது மட்டும் தெரியும். ஆல்மா 2014-இல் டிஷ்களை வெகுதூரம் பரப்பிய அமைப்பில் பார்த்தபோது அதைச் சுற்றி கிட்டத்தட்ட முழு ஐன்ஸ்டைன் வளையம் (பின்னணி ஒளி லென்ஸைச் சுற்றி வளைந்து தெரிவது) கிடைத்தது. அந்தப் படத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள், இந்த வேலையை ஏன் செய்கிறோம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.

ஒற்றைப் புள்ளியைச் சோதிப்பது

முதலில் இடம் எவ்வளவு நிச்சயம் என்று பாருங்கள். ஹெர்ஷெலின் ஸ்பைர் கருவிக்கு 250 மைக்ரானில் பார்வைக் கூர்மை சுமார் 18 ஆர்க்செகண்ட், 350-இல் 25, 500-இல் 36. இடப்பிழையைத் தோராயமாக மதிப்பிட, அந்தக் கூர்மையை 0.6-ஆல் பெருக்கி சிக்னல்-இரைச்சல் விகிதத்தால் வகுக்க வேண்டும். 250 மைக்ரானில் விகிதம் 5 என்றால் 2.2 ஆர்க்செகண்ட் வரும். எப்போதும் 250-இன் இடத்தையே எடுங்கள், 500-இன் இடத்தை நம்ப வேண்டாம்.

அப்புறம் எதேச்சைக் கணக்கு. ஒரு சதுர ஆர்க்மினிட்டுக்கு எத்தனை கேலக்ஸி என்பதை, நீங்கள் தேடும் வட்டத்தின் பரப்பால் பெருக்கினால், அந்த வட்டத்துக்குள் தற்செயலாக வந்து விழக்கூடிய எண்ணிக்கை கிடைக்கும். எண் சிறியதாக இருக்கும்போது அதையே நிகழ்தகவாகக் கொள்ளலாம். கேலக்ஸிகளின் செம்பெயர்ச்சியை அளந்த காமா என்ற ஒளியியல் சர்வேயின் வரம்பான 19.8 என்ற பிரகாச அளவு வரை சதுர டிகிரிக்கு ஆயிரத்தை ஒட்டி கேலக்ஸிகள் உண்டு, அதாவது சதுர ஆர்க்மினிட்டுக்கு 0.3-க்குச் சற்றுக் குறைவு. 10 ஆர்க்செகண்ட் ஆரத்துக்கு இது 2.5 சதவீதம், 5 ஆர்க்செகண்டுக்கு 0.6 சதவீதம். 0.6 சதவீதம் என்றதும் பலர் இங்கேயே கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் லென்ஸ் கேலக்ஸியும் இதே பரீட்சையில் இதே மதிப்பெண்ணோடு பாஸாகும்.

அடுத்தது நிறம், என் பார்வையில் மொத்தத்திலும் பயனுள்ள சோதனை இதுதான். தூசு ஒளியின் உச்சம், புறப்படும் இடத்தில், தோராயமாக 100 மைக்ரான் பக்கம் இருக்கும். அதை ஒன்று கூட்டிய செம்பெயர்ச்சியால் பெருக்குங்கள். 0.3-இல் இருக்கும் கேலக்ஸி என்றால் உச்சம் 130 மைக்ரானில் விழும், எனவே 250-இல் அதிகம், 350-இல் குறைவு, 500-இல் அதைவிடக் குறைவு என்று இறங்கிக்கொண்டே போக வேண்டும். செம்பெயர்ச்சி 2.5 என்றால் உச்சம் 350-இல். 4 என்றால் 500-இல். ஆக, பக்கத்துக் கேலக்ஸியின் நிறமாலைச் செம்பெயர்ச்சி 0.3 என்று காமா சொல்லும்போது புள்ளியின் பிரகாசம் 350-இல் உச்சம் தொட்டால், அந்த ஒளி அந்தக் கேலக்ஸியில் இருந்து வரவில்லை. தூசு வழக்கத்தை விடக் குளிர்ச்சியாக இருந்தாலும் உச்சம் நீண்ட அலைநீளத்துக்கு நகரும் என்பதால் ஒரே பொருளை வைத்து நூறு சதவீதம் சொல்லாதீர்கள், ஆனால் சந்தேகப்பட இது போதும்.

கேலக்ஸியின் வகையையும் பாருங்கள். நீல நிறச் சுருள் கேலக்ஸி, பட்டியலில் இறங்குமுகமான பிரகாசம், இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் அதுவேதான். சிவந்த, விண்மீன் பிறப்பு நின்றுபோன நீள்வட்டக் கேலக்ஸிக்கு இவ்வளவு தூசு ஒளி வர நியாயமில்லை. அங்கே முதலில் தோன்ற வேண்டிய எண்ணம் லென்ஸ். அந்தக் கேலக்ஸிக்குள் விண்மீன்களின் வேகச் சிதறல் விநாடிக்கு 250 கிலோமீட்டர் என்று வையுங்கள், முன்னால் 0.3, பின்னால் 3 என்ற அமைப்புக்கு ஐன்ஸ்டைன் ஆரம் சுமார் 1.5 ஆர்க்செகண்ட். ஹெர்ஷெலின் கூர்மைக்கு அது ஒன்றுமே இல்லை, வளையம் முழுவதும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். பட்டியலில் அது சாதாரணப் புள்ளியாகத்தான் இருக்கும். 2014-இல் ஹெர்ஷெல்-அட்லஸ் தரவை வைத்து வந்த ஒரு ஆய்வில், புள்ளியின் சப்மில்லிமீட்டர் நிறம் சிவக்கச் சிவக்க ஒளியியல் கேலக்ஸிக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி கூடுவதாகத் தெரிந்தது. லென்ஸ் இருந்தால் அப்படித்தான் ஆகும்.

ரேடியோ படம் கிடைத்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். தட்டையான நிறமாலையும் பலமான ரேடியோ சிக்னலும் இருந்தால் அது பிளேசார் (கருந்துளையின் பீச்சு நம்மை நோக்கியிருக்கும் கேலக்ஸி), பட்டியலில் இருந்து நீக்கிவிடலாம்.

மொத்தப் பட்டியலை வைத்துச் செய்வது

புராஜெக்டுக்கு இதுதான் சரியான அளவு. காமாவின் 9, 12, 14.5 மணி வட்டங்களில் (வானத்தின் தீர்க்கரேகை மாதிரி) வான நடுக்கோட்டை ஒட்டி உள்ள மூன்று பகுதிகளும் ஹெர்ஷெல்-அட்லஸ் பார்த்த பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, இரண்டின் பட்டியல்களும் இலவசம். (12 மணிப் பகுதி கன்னி ராசியில், சித்திரை நட்சத்திரத்துக்கு வடமேற்கே. சித்திரை மாதம் ராத்திரி பத்து, பத்தரை மணிக்கு ஆனைமலை அடிவாரத்தில் நின்றால் உச்சிக்குச் சற்றுத் தெற்கே இருக்கும். கண்ணுக்கு வெறும் வானம்தான், ஆனாலும் நாம் வேலை செய்யும் இடத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.)

முன்னணிக்கு 0.2 முதல் 0.8 வரை செம்பெயர்ச்சி உள்ள கேலக்ஸிகளை எடுங்கள். பின்னணிக்கு, ஸ்பைரின் மூன்று நிறங்களில் இருந்து மதிப்பிட்ட செம்பெயர்ச்சி 1.2-க்கு மேல் உள்ள புள்ளிகள். நடுவில் விட்ட இடைவெளி வேண்டுமென்றே விட்டது. மதிப்பீட்டில் பிழை அதிகம் என்பதால், இடைவெளி இல்லாவிட்டால் முன்னணியில் உள்ளவையே பின்னணிப் பட்டியலுக்குள் நுழைந்துவிடும், அவை இயல்பாகவே ஒன்றாகக் கூடி வாழ்பவை, கணக்கில் வரும் நெருக்கம் லென்ஸால் வந்தது மாதிரியே தெரியும்.

நெருக்கம் எதேச்சையை விட அதிகமா என்று ஒப்பிட, வானத்தில் எதேச்சையாகத் தூவிய பொய்ப் புள்ளிகளின் பட்டியல், அதாவது ரேண்டம் பட்டியல் வேண்டும், அதைத் தயாரிப்பதில்தான் முக்கால்வாசி வேலை. கூரான விளிம்புகள், பிரகாசமான நட்சத்திரம் மறைத்த இடங்கள், ஸ்கேன்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரைச்சல் குறைந்த பட்டைகள், எல்லாவற்றையும் ரேண்டமும் அப்படியே பின்பற்ற வேண்டும். இரைச்சல் குறைந்த பட்டையில் புள்ளிகள் இயல்பாகவே அதிகம் அகப்படும், அதை மாஸ்க்கில் (எங்கே எவ்வளவு நன்றாகப் பார்த்தோம் என்ற வரைபடம்) சேர்க்காமல் விட்டால் இல்லாத உறவு முளைக்கும். உண்மைப் பட்டியலைப் போல் பத்து மடங்காவது ரேண்டம் புள்ளிகள் வையுங்கள்.

ஜோடி எண்ணுவது அதற்குப் பிறகு எளிது. உண்மை-உண்மை ஜோடிகளில் இருந்து உண்மை-ரேண்டம் ஜோடிகளை இரண்டு பக்கமும் கழித்து, ரேண்டம்-ரேண்டத்தைக் கூட்டி, ரேண்டம்-ரேண்டத்தாலேயே வகுக்கும் லேண்டி-சலாய் முறையைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு எண்ணிக்கையையும் மொத்த ஜோடிகளால் வகுத்துச் சரிசெய்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள். ட்ரீகார் என்ற பைதான் தொகுப்பு இதை வேகமாகச் செய்யும். பட்டியல்களைத் திறந்து பார்க்க, பொருத்த, டாப்கேட் என்ற மென்பொருள் போதும். கோண அளவை மடக்கை இடைவெளியில் பிரித்து, சுமார் 30 ஆர்க்செகண்டில் இருந்து ஒரு டிகிரி வரை போங்கள். செம்பெயர்ச்சி 0.5-இல் ஒரு ஆர்க்மினிட் என்பது சுமார் 12 லட்சம் ஒளியாண்டு, அதாவது ஒரு கேலக்ஸியைச் சூழ்ந்த, கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் உறையின் அளவு. அதற்குள் கிடைப்பது தனிக் கேலக்ஸி அல்லது சிறு குழுவின் கைவேலை, அதற்கு வெளியே கிடைப்பது பெரிய கட்டமைப்பின் கைவேலை. பிழையளவுக்கு வானத்தைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டாக விட்டுவிட்டுத் திரும்பக் கணக்கிடும் ஜாக்நைஃப் முறை சரி. வெறும் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பிழை என்று போடாதீர்கள், அது உண்மையான பிழையைக் குறைத்துக் காட்டும்.

நேர்மறை சிக்னல் வந்துவிட்டதா? கொண்டாடும் முன் மூன்று சோதனை. ஒன்று, முன்னணிக் கேலக்ஸிகளுக்குப் பதில் நம் பால்வீதி நட்சத்திரங்களின் பட்டியலைப் போடுங்கள். உறவு பூஜ்யமாக வர வேண்டும், வரவில்லையென்றால் மாஸ்க்கில் கோளாறு. இரண்டு, பின்னணியின் பிரகாச வரம்பைக் கூட்டிப் பாருங்கள். சரிவு செங்குத்தாகும், லென்ஸ் என்றால் சிக்னலும் வளர வேண்டும். வளராமல் அப்படியே நின்றால், செம்பெயர்ச்சி மதிப்பீட்டுப் பிழையால் முன்னணியில் உள்ளவை பின்னணிக்குள் கசிந்திருக்கின்றன என்று சந்தேகப்படுங்கள். மூன்று, சிக்னல் எந்தக் கோணத்தில் இருந்து வருகிறது என்று பாருங்கள். 20 ஆர்க்செகண்டுக்குள் மட்டும் வந்தால் முன்னணிக் கேலக்ஸியின் சொந்தத் தூசு ஒளி பின்னணிப் புள்ளியோடு கலந்து அதை வரம்புக்கு மேலே தள்ளியிருக்கலாம். இதுவும் பிரகாசத்தைக் கூட்டுவதுதான், ஆனால் லென்ஸுக்கு இதில் பங்கில்லை. கீழ் எல்லையை 30-இல் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். இதோடு பால்வீதியின் மெல்லிய தூசு மேகங்களையும் கவனியுங்கள், அவை சப்மில்லிமீட்டரில் பொய்ப் புள்ளிகளை உண்டாக்கும், அதே இடத்தில் ஒளியியல் கேலக்ஸிகளை மங்கலாக்கும். இரண்டும் சேர்ந்து உண்மை உறவைக் குறைத்துக் காட்டும்.

கடைசியாக, ஒற்றைப் புள்ளிச் சோதனையில் லென்ஸ் என்று சந்தேகம் வந்தவற்றின் இடங்களை ஆல்மா ஆவணக் காப்பகத்தில் போட்டுத் தேடுங்கள். யாராவது ஏற்கெனவே பார்த்திருந்தால், காப்புக் காலம் (பார்த்தவருக்கு மட்டும் உரிய காலம்) முடிந்த தரவு எல்லாருக்கும் பொது. படத்தை இறக்கி, ஒளியியல் கேலக்ஸியின் மையத்தில் குறுக்குக்கோடு போட்டு, சப்மில்லிமீட்டர் ஒளி அந்த மையத்தில் விழுகிறதா, அதைச் சுற்றி வில்லாகவோ இரண்டு துண்டாகவோ நிற்கிறதா, இல்லை ஓரமாக எங்கோ தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே இந்த மூன்றில் எது என்று எழுதுங்கள், கேலக்ஸியின் செம்பெயர்ச்சி ஒரு கட்டத்திலும் புள்ளியின் செம்பெயர்ச்சி வேறொரு கட்டத்திலும் இருக்கட்டும்.